பழகின இடத்தில் பட்டன் இல்லையே!

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் சுற்றிச் சுற்றி ஒரே புலம்பல்: நேற்று வரை இருந்த பட்டன் இன்று இல்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, வெப் டிசைன் செய்கிறவர்களுக்கே இந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வரி: ட்ரீம்வீவர் என்பது வெப் பக்கம் செய்யும் அடோபி சாஃப்ட்வேர் (சிஎஸ்6 அதன் பழைய வெர்ஷன்). சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் நிறம், எழுத்து, இடைவெளியை எழுதி வைக்கும் மொழி, அதில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு ரூல், அது எதற்கு என்று சொல்லும் பெயர் செலக்டர்.

கேள்வி: பத்து வருஷத்துக்கு மேலாக ட்ரீம்வீவர் சிஎஸ்6-இல்தான் வேலை செய்கிறேன் சார். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். பழைய கம்ப்யூட்டர் போய், புதுசு வாங்கியதில் சாஃப்ட்வேரும் புதுசாகிவிட்டது. வலது பக்கம் இருந்த சிஎஸ்எஸ் ஸ்டைல்ஸ் பேனலைக் காணோம். அந்த இடத்தில் சிஎஸ்எஸ் டிசைனர் என்று நாலு அடுக்காக ஏதோ நிற்கிறது. ரூலை டபுள் கிளிக் செய்தால் வரும் பெட்டியும் வருவதில்லை. பழைய பேனலைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெனு மெனுவாகத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 2013-இல் சிஎஸ்6-க்கு அடுத்ததாக ட்ரீம்வீவர் சிசி வந்தபோதே அந்தப் பேனலை எடுத்துவிட்டார்கள். நீங்கள் சிஎஸ்6-லேயே தங்கிவிட்டதால் அந்த அதிர்ச்சி உங்களுக்குத் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாங்களெல்லாம் அப்போதே அழுது முடித்துவிட்டோம்.

ஒரு ஆறுதல், உங்கள் ஸ்டைல் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சிஎஸ்6-இல் செய்த அதே ஃபைலைத்தான் இந்தப் பேனலும் திறந்து காட்டுகிறது, காட்டும் விதம்தான் வேறு. பழைய பேனலில் ஃபைல் பெயர், அதற்குக் கீழே வரிசையாக எல்லா ரூல்களும், ஒன்றைத் தொட்டால் அடியில் அதன் ப்ராப்பர்ட்டிகள். புதுசில் அதையே நாலாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து சோர்ஸஸ், மீடியா, செலக்டர்ஸ், ப்ராப்பர்ட்டீஸ். எந்த ஃபைலில், எந்த அளவு ஸ்கிரீனுக்கு, பக்கத்தில் எதற்கு, என்ன மாற்றம். தபால் விலாசம் மாதிரி: ஊர், தெரு, கதவு எண், அப்புறம் ஆள். மேலே இருப்பதைத் தப்பாகத் தொட்டுவிட்டால் கீழே நீங்கள் தேடுகிற ஆள் அந்த வீட்டில் இருக்கவே மாட்டார். புதிதாக வருகிறவர்கள் "என் ரூலையே காணோம்" என்று அலறுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு ஃபைலையோ ஒரு மீடியாவையோ தொட்டு வைத்திருந்தால் அதற்குள் உள்ள செலக்டர்கள் மட்டுமே பட்டியலில் தெரியும். குழம்பினால் சோர்ஸஸில் 'ஆல் சோர்ஸஸ்' என்ற முதல் வரியைத் தொடுங்கள், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

அந்த இரண்டாவது அடுக்கு ஏன் முளைத்தது என்று கேட்பீர்கள். நீங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் 960 பிக்சல் அகலத்தில் ஒரு பக்கம் போட்டோமா, கதை முடிந்தது. 2010-இல் ஈத்தன் மார்கோட் என்பவர் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்ற பெயரை வைத்து, ஒரே பக்கம் எல்லா ஸ்கிரீனுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும் என்று எழுதினார். 2012-இல் மீடியா குவெரீஸ், அதாவது ஸ்கிரீன் அளவைப் பார்த்து ஸ்டைலை மாற்றும் சிஎஸ்எஸ் வசதி, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வப் பரிந்துரை ஆனது. மறு வருஷமே பேனலில் அதற்குத் தனி இடம் வந்துவிட்டது. உங்கள் வாடிக்கையாளரிடம் வெளிநாட்டுக்காரர் பனியன் ஆர்டர் கொடுப்பதற்கு முன் வெப்சைட்டைப் போனில்தான் திறந்து பார்க்கிறார் என்றால் இந்த அடுக்கு உங்களுக்கும் வேண்டியதுதான்.

சரி, ஒரு வேலையை எடுத்துச் செய்து பார்ப்போம். பத்தியின் வரி இடைவெளியை 1.2-இலிருந்து 1.7 ஆக்க வேண்டும் (தமிழ்ப் பக்கம் என்றால் 1.2 வைக்கவே கூடாது, 'ழூ'வின் வால் அடுத்த வரியின் புள்ளியில் போய் முட்டும்). பழைய பேனலில் பத்தியின் ரூலை டபுள் கிளிக் செய்து, வரும் பெட்டியில் டைப் என்ற பிரிவில் லைன் ஹைட்டை மாற்றி ஓகே கொடுப்பீர்கள். புதுசில் சோர்ஸஸில் உங்கள் ஸ்டைல் ஃபைல், மீடியாவில் குளோபல் (எல்லா ஸ்கிரீனுக்கும் பொது), செலக்டர்ஸில் பத்திக்கான p, அப்புறம் ப்ராப்பர்ட்டீஸின் தலையில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் படங்களில் டி எழுத்து போட்ட டெக்ஸ்ட். அதில் லைன் ஹைட். கூடவே வலது மேல் மூலையில் 'ஷோ செட்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள். ரூலில் ஏற்கெனவே எழுதியிருப்பவை மட்டும் தெரியும், மற்றவை ஒதுங்கிவிடும். பழைய பேனலின் அடியில் இருந்த மூன்று பட்டன்களில் ஒன்று செய்த அதே வேலைதான் இது, பெயர் மாற்றிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. ஓகே பட்டனைத் தேடாதீர்கள், எழுதியதுமே மாறிவிடும். தப்பானால் கன்ட்ரோல் இசட்.

புது ரூல் போடுவதும் மாறிவிட்டது. முன்பு கிளாஸா, ஐடியா, டேகா என்று ஒரு பெட்டி கேட்கும். இப்போது கேட்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும், கிளாஸுக்கு முன்னால் புள்ளி, ஐடிக்கு முன்னால் ஹேஷ். பக்கத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு செலக்டர்ஸில் பிளஸ் அழுத்தினால் அதுவே நீளமாக ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கும், அதைச் சுற்றியுள்ள வெளிப் பெட்டிகளின் பெயர்களையும் சேர்த்து, கொள்ளுத் தாத்தாவில் தொடங்கி. அப்படியே என்டர் தட்டிவிடாதீர்கள்! அந்த நீளப் பெயர் பின்னால் மற்ற ரூல்களை அமுக்கிவிட்டு உங்களை அலையவிடும். மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் பெயர் சுருங்கும், நீளும். தேவையான அளவுக்குச் சுருக்கிவிட்டு என்டர்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பேனலுக்கு மாறிய முதல் வாரம், ஒரு கல்யாண மண்டபத்து வெப்சைட். தலைப்பை மெரூன் ஆக்கச் சொன்னார்கள். புது ரூல் போட்டு, கலர் கொடுத்து, சேமித்து, பிரவுசரில் பார்த்தால் அதே பழைய நீலம். ரிஃப்ரெஷ், கேஷ் கிளியர், ஃபைலைத் திரும்ப அப்லோடு, மறுபடி ரிஃப்ரெஷ். அரை மணி நேரம் போச்சு. அந்த நேரத்தில் மண்டபத்து மேனேஜர் போன் செய்து "சார், மெரூன் பிரமாதமா இருக்கு" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்த்தது போனில்! முந்தைய வேலைக்காக மீடியாவில் 480 பிக்சல் வரிசையைத் தொட்டவன் அதை அப்படியே விட்டிருந்தேன், புது ரூல் சமர்த்தாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தப்பு பேனலுடையது இல்லை, என்னுடையதுதான். அன்றிலிருந்து பிளஸ் அழுத்துவதற்கு முன்னால் கண் தானாக மீடியா அடுக்குக்குப் போகிறது. தப்பான இடத்தில் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, செலக்டரைப் பிடித்து இழுத்துச் சரியான சோர்ஸிலோ மீடியாவிலோ விட்டால் அங்கே போய்விடும்.

இன்னும் இரண்டு. பேனலின் ஓரத்தைப் பிடித்து அகலமாக்குங்கள், ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் தனி நெடுவரிசையாகப் போய் நிற்கும். நாலு அடுக்கும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நெருக்குவது நின்றுவிடும். பாதி எரிச்சல் இதிலேயே போய்விடும். அப்புறம் மேலே ஆல், கரன்ட் என்ற இரண்டு. இவை உங்களுக்குப் பழைய நண்பர்கள்தான். பக்கத்தில் தொட்ட ஒன்றுக்கு எந்தெந்த ரூல் வந்து விழுகிறது என்று பார்க்க கரன்ட், ஃபைல் முழுவதையும் பார்க்க ஆல்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எல்லா ப்ராப்பர்ட்டிகளையும் அகர வரிசையில் காட்டும் அந்தப் பழைய பட்டியலுக்கு இதில் ஈடு இல்லை. படம் பார்த்துப் பிரிவு தேடும்போது லேஅவுட்டா பார்டரா என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். அதனால் இப்போதெல்லாம் பாதி வேலையைக் கோடிலேயே முடித்துவிடுகிறேன். 2017 வெர்ஷனிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், கோட் வியூவில் ஒரு கிளாஸ் பெயரின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் ஈ அழுத்தினால் அதன் ரூல் அந்த வரிக்குக் கீழேயே ஒரு சின்ன ஜன்னலாகத் திறக்கும். மாற்றிவிட்டு மூடிவிடலாம். உங்களுக்கும் இது ஒத்துவரும் என்றுதான் நினைக்கிறேன். பத்து வருஷம் சிஎஸ்எஸ் பார்த்த கை.

பழைய சிடியைத் தேடி சிஎஸ்6-ஐயே திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று மனசு கேட்கும். வேண்டாம். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் பிரவுசர்களுக்கு வந்ததே 2017-இல். 2012-இல் வந்த சாஃப்ட்வேரின் டிசைன் வியூவுக்கு அது என்னவென்றே தெரியாது.

கேள்வி: வீட்டில் செய்யும் பொடி வகைகளை விற்க வேர்ட்பிரஸில் ஒரு சைட் வைத்திருக்கிறேன். புதுத் தீம் போட்டதிலிருந்து அப்பியரன்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதே இல்லை. அதற்குள் அடிஷனல் சிஎஸ்எஸ் என்ற இடத்தில் என் தம்பி எழுதி வைத்ததெல்லாம் அழிந்துவிட்டதா? அவன் இப்போது வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அழியவில்லைம்மா, பயப்படாதீர்கள். அடிஷனல் சிஎஸ்எஸ் ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகிறது. தீம் மாறினால் கண்ணில் படாது, ஆனால் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். தீம்ஸ் பக்கத்துக்குப் போய்ப் பழைய தீமில் 'லைவ் ப்ரிவ்யூ' கொடுங்கள் (ஆக்டிவேட் வேண்டாம், கடை திறந்திருக்கும்போது பலகையை மாற்றக் கூடாது). அங்கே அடிஷனல் சிஎஸ்எஸ்ஸைத் திறந்து, தம்பி எழுதியதை முழுசாக காப்பி செய்து நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்டது பிளாக் தீம், அதாவது பக்கம் முழுவதையும் பிளாக் என்ற துண்டுகளாக அடுக்கிக் கட்டும் வகை. 2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 5.9 வந்ததிலிருந்து இந்த வகைத் தீம்களுக்குக் கஸ்டமைஸ் காட்டப்படுவதில்லை, எல்லாம் அப்பியரன்ஸில் உள்ள எடிட்டருக்குள் போய்விட்டது. அங்கே பக்கத்தைத் திறந்தால் வலது மேல் மூலையில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் ஸ்டைல்ஸ். அதற்குள் மூன்று புள்ளி, அதில் அடிஷனல் சிஎஸ்எஸ். இது 2023-இல் 6.2 வெர்ஷனில்தான் வந்தது, அதனால் உங்கள் வேர்ட்பிரஸ் அதைவிடப் பழசாக இருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள். அதற்கும் முன்னால் ஒரு பேக்கப்.

ஆனால் நோட்பேடில் உள்ளதை மொத்தமாகக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். அதில் இருப்பவை பழைய தீமின் கிளாஸ் பெயர்கள், புதுத் தீமுக்கு அவை யாரோ எவரோ, பாதி வேலை செய்யாது. நிறம், எழுத்து, இடைவெளி இதற்கெல்லாம் இப்போது சிஎஸ்எஸ்ஸே வேண்டியதில்லை, ஸ்டைல்ஸிலேயே கலர்ஸ், டைப்போகிராஃபி என்று தனித்தனியாக இருக்கின்றன, விரலால் தொட்டு மாற்றலாம். அதில் முடியாதது எது மிச்சம் என்று பார்த்து அதை மட்டும் தம்பியிடம் போனில் கேளுங்கள். இரண்டு, மூன்று வரிக்கு மேல் இருக்காது.

கேள்வி: குரோமில் எஃப்12 அழுத்தி ஸ்டைல்ஸில் எல்லாவற்றையும் அழகாக மாற்றினேன். ரிஃப்ரெஷ் செய்ததும் எல்லாம் போய்விட்டது. எங்கே சேமிப்பது?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: அங்கே நீங்கள் மாற்றியது பிரவுசரின் நினைவில் இருந்த நகலைத்தான் தம்பி, சர்வரில் உள்ள ஃபைலை அது தொடவே இல்லை. துணிக்கடைக் கண்ணாடி முன்னால் சட்டையை வைத்துப் பார்ப்பது மாதிரிதான். பிடித்திருந்தால் வாங்க வேண்டியது நீங்கள். அதே கருவிக்குள் 'சேஞ்சஸ்' என்று ஒரு டேப் உண்டு, மூன்று புள்ளி மெனுவில் மோர் டூல்ஸ் என்பதற்குள் தேடுங்கள். என்னென்ன மாற்றினீர்கள் என்று பழையதும் புதியதுமாக வரி வரியாகக் காட்டும். ரிஃப்ரெஷ் செய்யும் முன் அதைப் பார்த்து உங்கள் ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைன் நடத்துகிறேன். எங்கள் நோட்ஸில் உள்ள படங்கள் பழைய வெர்ஷன், மாணவர்களின் லேப்டாப்பில் இருப்பது வேறு வெர்ஷன். "மிஸ், அந்தப் பட்டன் எனக்கு இல்லை" என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
(ஆசிரியை, கரூர்)

பதில்: முதல் மூன்று வகுப்புக்குப் பேனலையே திறக்காதீர்கள் மேடம். நோட்பேடில் பத்து வரி சிஎஸ்எஸ் கையால் எழுதச் சொல்லுங்கள், அதில் ஒன்றாவது மீடியாவுக்குள் இருக்கட்டும். நாலாவது வகுப்பில் அந்த ஃபைலையே ட்ரீம்வீவரில் திறந்து, ஸ்பிளிட் வியூ போட்டு, "நீ எழுதின மூணாவது வரி இந்தப் பேனலில் எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். யாருக்கு எந்த வெர்ஷன் என்ற பிரச்சினையே வராது, அவரவர் ஸ்கிரீனில் அவரவர் தேடுவார்கள். பேனலில் ஒன்றை மாற்றினால் கோடில் எந்த வரி மாறுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

நோட்ஸில் படம் போட்டே ஆக வேண்டும் என்று சென்டரில் சொன்னால், படத்துக்குக் கீழே எந்த வெர்ஷன், எந்த வருஷம் என்று எழுதிவிடுங்கள். அடுத்த பேட்ச் பையன்கள் இல்லாத பட்டனைத் தேடி உங்களைத் திட்டாமல் இருப்பார்கள்.