மாடிப்படியில் மட்டும் வரும் ‘வாயு’

நான்கு பக்கக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “இரண்டு மாதமாக வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சில் வாயு அடைக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறேன்.” எனக்கு அந்த வரிதான் கடிதம்.

வயது 46. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். நீங்கள் மாடி ஏறுவது வாயுவுக்கு எப்படித் தெரியும்? சாப்பிட்டதும், படுத்ததும், குனிந்ததும் எரிந்தால் பெரும்பாலும் வயிறு. நடந்தால் வந்து நின்றால் போகிறது என்றால், இல்லையென்று தெரியும்வரை அது இதயம்தான். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது போகிற ரத்தம் போதும். படி ஏறும்போது போதாது. “ஈசிஜி நார்மல்” என்கிறீர்கள். அது படுத்துக்கொண்டு எடுத்தது, ஐயா. வலி இல்லாத நேரத்தில் அது நார்மலாக இருப்பது சகஜம்.

நோயாளி ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு “இங்கே குத்துது” என்றால் எனக்குப் பாதி நிம்மதி. உள்ளங்கையை நடுநெஞ்சில் அழுத்தி “பாரமா இருக்கு டாக்டர்” என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். நீங்கள் எதைச் செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். எந்தச் சோதனை வேண்டும், எக்கோவா, டிரெட்மில்லா, ஆஞ்சியோவா என்று அவர் முடிவு செய்வார். அதற்குள் சும்மா இருக்கும்போதே அடைத்தாலோ, உட்கார்ந்தும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108. பைக்கை எடுக்காதீர்கள்.

கடிதத்தில் கேட்ட மற்றவை? வலியும் வீக்கமும் இல்லாமல் முட்டி ‘கடக்’ என்றால் விட்டுவிடுங்கள். உடற்பயிற்சி செய்த மறுநாள் தொடை வலிப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஜிம்மில் சரிந்து விழுகிறவர்களின் வீடியோக்களை இரவு 12 மணிக்குப் பார்ப்பதை நிறுத்துங்கள். விழுந்தவருக்கு ஏற்கெனவே என்ன இருந்தது என்று அதில் யாரும் சொல்வதில்லை. உடற்பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லி நண்பர் கொடுத்த ‘ப்ரீ ஒர்க்அவுட்’ பவுடர் குப்பைக்கு. இந்த நெஞ்சோடு அவ்வளவு கஃபீனா?

“ஜனவரியில் ஆரம்பித்து மூன்றாம் வாரம் நிறுத்துகிறேன், எனக்கு மனஉறுதி இல்லை” என்று நொந்துகொள்கிறீர்கள். முதல் நாளே காலை 5 மணிக்கு எழுந்து 5 கிலோமீட்டர் ஓடினால் யாருமே நிறுத்திவிடுவார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதும் கதை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் ஏறத்தாழ 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை போனது. நடுவில் ஒருநாள் விட்டவர்களுக்கும் பெரிதாக எதுவும் கெடவில்லை. நீங்களோ ஒருநாள் மழை பெய்தால் அந்த வருடத்தையே விட்டுவிடுகிறீர்கள்.

இதய மருத்துவர் சம்மதித்த பிறகு, மகளை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் பைக்கில் உட்கார்ந்து போன் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் பத்தே நிமிட நடை. “இன்னும் கொஞ்சம் நடக்கலாமே” என்று தோன்றும்போதே திரும்பிவிடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும், வாட்ச் வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு மூன்று மாதத்தில் வந்தாலும் எனக்குச் சந்தோஷம். வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சர்க்கரை இருப்பதால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

இதய மருத்துவர் சம்மதிக்கும்வரை ஆபீஸில் லிஃப்டிலேயே போங்கள். யாராவது கிண்டல் செய்தால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.