குத்துவிளக்கில் செம்பு எவ்வளவு: தண்ணீர்க் கணக்கு ஏன் 82 காட்டுகிறது?

மதுரை எழுகடல் தெருப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாக வந்த பித்தளைக் குத்துவிளக்கைத் தராசில் நிறுத்தால் 1713 கிராம், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 200 கிராம் குறைகிறது, அதாவது விளக்கு பிடிக்கும் இடம் 200 சிசி, ஆக அடர்த்தி சிசிக்கு 8.565 கிராம். செம்பு 8.96, துத்தநாகம் 7.14 என்று வைத்துக் கலவைச் சமன்பாடு போட்டால் செம்பு 82 சதவீதம் வருகிறதாம். பட்டறைக்காரரோ 70தான் என்கிறார். "விலை கூடின செம்பைப் போட்டுவிட்டு யாராவது குறைத்துச் சொல்வார்களா சார்?"

சொல்ல மாட்டார்கள். பட்டறைக்காரர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், கணக்கில்தான் கோளாறு.

சின்னத் தப்பை முதலில் முடித்துவிடுவோம். நம்மூர்த் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி பக்கம் இருக்கும், அந்தச் சூட்டில் ஒரு சிசி தண்ணீர் 0.996 கிராம்தான். அந்த 0.996ஆல் பெருக்கினால் அடர்த்தி 8.53, செம்பு 80க்கு இறங்கிவிடும். மிச்சம் இருக்கும் பத்துதான் சுவாரசியமான பத்து.

நீங்கள் போட்ட சமன்பாட்டுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: துத்தநாகம் தனியாக இருக்கும்போது எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதே இடத்தைத்தான் பித்தளைக்குள்ளும் பிடிக்கும் என்று. அங்கேதான் வடிவியல் குறுக்கே வருகிறது. மாட்டுத்தாவணியில் எலுமிச்சையைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, அதில் உள்ளே இருக்கும் ஒரு பழத்தைத் தன் அடுக்கில் ஆறு, மேலே மூன்று, கீழே மூன்று என்று பன்னிரண்டு பழங்கள் தொடும். ஒரே அளவு உருண்டைகளை இதைவிட நெருக்கி அடுக்கவே முடியாது, இடத்தில் 74 சதவீதம் நிரம்பிவிடும் (வானியல் அறிஞர் கெப்ளர் 1611இல் சொன்னது, கணித அறிஞர் ஹேல்ஸ் நிரூபித்துவிட்டதாக 1998இல் அறிவிக்கும்வரை கணக்கு வாத்தியார்களுக்குத் தலைவலி). செம்பு அணுக்கள் இப்படித்தான் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. துத்தநாகம் அப்படியில்லை. அதன் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் விலகி நிற்கும். தன் அடுக்கில் உள்ள ஆறு அணுக்கள் 2.66 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) தூரத்தில், மேலும் கீழும் உள்ள ஆறும் 2.91இல். அந்தச் சந்தில்தான் இடம் வீணாகிறது, ஓர் அணுவுக்கு 15.2 கன ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடுகிறது.

ஆனால் 70-30 பித்தளையில் துத்தநாகம் தன் வீட்டில் இல்லை, செம்பின் வீட்டில் குடியிருக்கிறது. செம்பின் அடுக்கு முறைப்படிதான் உட்கார்ந்தாக வேண்டும், வீண் சந்துக்கு வழியில்லை. 70-30 பித்தளையின் அடர்த்தி 8.53 என்பது தெரிந்த விஷயம், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒரு துத்தநாக அணுவுக்கு ஏறக்குறைய 14.15 கன ஆங்ஸ்ட்ராம்தான் வருகிறது. அதாவது பித்தளைக்குள் துத்தநாகத்தின் அடர்த்தியை 7.14 என்று வைக்கக்கூடாது, 7.67 என்று வைக்க வேண்டும். இப்போது செம்பின் பங்கை 'செ' என்று வைத்துத் திரும்பப் போடுங்கள்:

1/8.53 = செ/8.96 + (1 − செ)/7.67

செ = 0.70. பட்டறைக்காரரிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த 7.67 ஒரே ஒரு கலவைக்குப் பொருந்துகிற மாதிரி செய்துகொண்ட எண்தானே என்று கேட்பீர்கள். 60-40க்குப் போட்டுப் பார்த்தேன், 8.395 வந்தது, உலோகக் கையேட்டில் 8.39 இருக்கிறது. 85-15க்கு 8.74, கையேட்டில் 8.75. கடைக்கு இது போதும்.

சரி, இதை வைத்து இனி வரும் சரக்கையெல்லாம் பிடித்துவிடலாமா என்றால், அவசரப்படாதீர்கள். தண்ணீரில் குறைந்த எடையில் 1 கிராம் பிசகினால் செம்பு 3 சதவீதம் போல நகர்ந்துவிடும், கடைத் தராசு 5 கிராம் கணக்கில் காட்டுவதாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. குத்துவிளக்கின் மரைகளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், அதனால் தண்டு, தட்டு, பாதம் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக நிறுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் கையில் ஒரு சமன்பாடு, தெரியாதவை மூன்று. கடைசல் எளிதாக இருக்கட்டும் என்று வார்ப்புப் பித்தளையில் காரீயம் சேர்ப்பது உண்டு. அதன் அடர்த்தி 11.34. துத்தநாகத்துக்குப் பதிலாக 2 சதவீதம் காரீயம் இருந்தாலே 70 செம்பு உள்ள விளக்கு 74, 75 என்று காட்டும். மாறாக வார்ப்பில் 1 சதவீதம் காற்றுக் குழி இருந்தால் அதே விளக்கு 64க்கு இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு அழகாக 70 காட்டினாலும் காட்டும்!

தண்ணீர்க் கணக்கில் 60க்கும் 70க்கும் வித்தியாசம் சந்தேகப்படுகிற அளவுக்குத் தெரியும், சண்டை போடுகிற அளவுக்குத் தெரியாது. பெரிய ஆர்டர் என்றால் தங்கத்தின் தரம் பார்க்க நகைக்கடைகளில் வைத்திருக்கிறார்களே, எக்ஸ்ரே பாய்ச்சி உலோகங்களை இனம் காணும் அந்த எக்ஸ்ஆர்எஃப் மெஷின், அதில் ஒரு துண்டைக் காட்டுங்கள். தெற்காவணி மூல வீதி உங்களுக்கு நடக்கிற தூரம்தான். செம்பு, துத்தநாகம், காரீயம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். ஒன்று, அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், பூச்சு இருந்தால் ஏமாந்துவிடும், பாதத்தின் அடியில் அரத்தால் நன்றாக ராவிவிட்டுக் காட்டுங்கள்.