வாசகர் கேள்வி – பதில்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மீண்டது எப்படி?

கேள்வி: கொரோனா ஆண்டில் 427 கோடி சிங்கப்பூர் டாலர் நட்டம் கண்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அடுத்த இரண்டே ஆண்டுகளில் தன் வரலாற்றிலேயே பெரிய லாபத்தை ஈட்டியதாகப் படித்தேன். சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்ததால் மட்டும் இது நடந்திருக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: நடந்திருக்காது. சுற்றுலா எல்லா விமான நிறுவனங்களுக்கும்தான் திரும்பி வந்தது. ஆனால் அது வந்த நாளில் விமானமும் ஆளும் தயாராக வைத்திருந்தவர்களுக்குத்தான் உடனே வருவாயாயிற்று.

முதலில் நட்டத்தின் காரணத்தைப் பார்ப்போம். இந்தியாவில் 2020 மே 25 அன்றே உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்டன. சிங்கப்பூரிலோ உள்நாட்டுப் பயணம் என்ற ஒன்றே கிடையாது. அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு விமானமும் ஏதேனும் ஒரு நாட்டின் எல்லையைக் கடந்தாக வேண்டும். 2019இல் சுமார் 1.91 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்த ஊருக்கு 2021இல் ஏறத்தாழ 3.3 லட்சம் பேரே வந்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பயணிகள் இல்லாத இழப்போடு, பழைய விமானங்களின் மதிப்பைக் கணக்கில் குறைத்ததும், முன்கூட்டியே விலை பேசி வைத்த எரிபொருள் தேவைப்படாமல் போனதும் சேர்ந்துதான் 2020–21 நிதியாண்டின் நட்டத்தை அவ்வளவு பெரிதாக்கின.

அந்த இருண்ட காலத்தில் நிர்வாகம் எடுத்த முடிவுகளே பிற்பாடு கைகொடுத்தன. சில விமானங்கள் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், துருப்பிடிக்கும் வாய்ப்பு குறைவான வறண்ட காற்றில் நிறுத்தி வைக்கப்பட்டன. விமானப் பணிப்பெண்களும் ஆண் பணியாளர்களும் மருத்துவமனைகளில் உதவியாளர்களாகவும், பொது இடங்களில் இடைவெளியைக் கண்காணிப்பவர்களாகவும் வேலை செய்தார்கள். பயணிகள் இல்லாத விமானங்கள் சரக்கு ஏற்றிப் பறந்தன. சரக்குக் கட்டணம் உச்சத்தில் இருந்த அந்த நாள்களில் நிறுவனத்துக்கு அதுவே பெரும் ஆதாரம்.

2021 செப்டம்பரில் ஜெர்மனி, புருணை ஆகிய நாடுகளிலிருந்து தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இன்றி வரலாம் என்று தொடங்கிய தளர்வு, 2022 ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி போட்ட எல்லாருக்குமானது. அப்போது போட்டியாளர்களின் நிலை என்ன? லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஆள் பற்றாக்குறையால் 2022 ஜூலையில், புறப்படும் பயணிகள் நாளொன்றுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தது. ஹாங்காங்கில் இறங்குகிறவர்கள் ஓட்டலில் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி 2022 செப்டம்பர் வரை நீடித்ததால், அந்த ஊர் விமான நிறுவனமான கேத்தே பசிபிக்கால் எழ முடியவில்லை. அந்த இடைவெளியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 2022–23 நிதியாண்டில் 2.65 கோடிப் பேரை ஏற்றிச் சென்று 215.7 கோடி டாலர் நிகர லாபம் கண்டது; மறு ஆண்டில் அது 267.5 கோடியானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் இருக்கைகள் குறைவாகவும் பயணம் செய்யத் துடித்தவர்கள் மிகுதியாகவும் இருந்ததால் கட்டணம் ஏறியது. அந்த லாபத்தில் ஒரு பங்கு, பிரிந்திருந்த குடும்பத்தைப் பார்க்க எந்த விலையானாலும் டிக்கெட் வாங்கியவர்களின் பணம். நிர்வாகத் திறமையைப் பாராட்டும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

கேள்வி: அரசு பணம் கொட்டிக் காப்பாற்றியதைத்தானே "மீட்சி" என்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: இதில் பாதி உண்மை இருக்கிறது. நிறுவனத்தின் பங்குகளில் பாதிக்கும் மேல் தெமாசெக் என்ற முதலீட்டு நிறுவனத்தின் வசம் உள்ளது. தெமாசெக் சிங்கப்பூர் நிதி அமைச்சுக்குச் சொந்தமானது. 2020 மார்ச் இறுதியில், பெரும்பாலான விமானங்கள் தரையில் நின்றபோதே, 1,500 கோடி டாலர் வரை திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்குகள் விற்று 530 கோடியும், பின்னாளில் பங்காக மாறக்கூடிய கடன்பத்திரங்களின் வழியே 970 கோடியும் திரட்டுவதாகத் திட்டம்; மற்றவர்கள் வாங்காமல் விடுவதைத் தானே வாங்கிக்கொள்வதாகத் தெமாசெக் உறுதி தந்தது. ஆகவே இதை நன்கொடை என்று சொல்ல முடியாது. அந்தக் கடன்பத்திரங்கள் முழுவதையும் நிறுவனம் 2024 ஜூனுக்குள் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றுவிட்டது. எனினும் இப்படிப்பட்ட உறுதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தாய்லாந்தின் தாய் ஏர்வேஸ் அதே 2020இல் நீதிமன்றத்தின் மறுசீரமைப்புக்குப் போக நேர்ந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பணம் இருந்தும் 2020 செப்டம்பரில் சுமார் 2,400 பேர் வேலையை இழந்தார்கள். 2023, 2024 ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது என்ற செய்தியைக் கொண்டாடியவர்கள், முன்பே வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேள்வி: கோயம்புத்தூருக்கு வந்துகொண்டிருந்த சில்க்ஏர் கொரோனாவால்தான் மூடப்பட்டதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு அதை இணைக்கும் முடிவு 2018 மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. இணைப்பு 2021இல் நிறைவேறியது. உங்கள் ஊர்த் தடம் குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டிடம் போயிற்று.

கேள்வி: 2024–25இல் லாபம் கூடியது என்று ஒரு செய்தியும் குறைந்தது என்று இன்னொரு செய்தியும் வந்தன. எது சரி?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் சரி. நிகர லாபம் 277.8 கோடி டாலராக உயர்ந்தது. ஆனால் அதில் சுமார் 110 கோடி, டாட்டாவோடு சேர்ந்து இந்தியாவில் நடத்திய விஸ்தாரா விமான நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்ததால் கணக்கேட்டில் மட்டும் வந்த ஆதாயம். விமானங்களை இயக்கிக் கிடைத்த லாபமோ 272.8 கோடியிலிருந்து 170.9 கோடியாக இறங்கியது. பயணிகள் குறையவில்லை; மற்ற நிறுவனங்களும் முழு வீச்சில் பறக்கத் தொடங்கியதால் ஒவ்வொரு பயணியிடமிருந்தும் கிடைக்கும் சராசரி வருவாய்தான் குறைந்தது.

அந்த இணைப்பில் ஏர் இந்தியாவில் கிடைத்த 25.1 விழுக்காட்டுப் பங்கு இப்போது சுமையாகவும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் இயக்க லாபம் 80 கோடியை ஒட்டி நிலையாக நின்றபோதும், ஏர் இந்தியாவின் நட்டத்தில் தன் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்ததால் நிகர லாபம் 23.9 கோடியாகச் சுருங்கியது. இனி வரும் கணக்குகளைப் படிக்கும்போது இயக்க லாபம் என்ற வரியை முதலில் பாருங்கள். சுற்றுலா தரும் வருவாய் அங்கேதான் தெரியும்.