முதலில் எதை வாங்குவது? வீட்டு ஸ்டுடியோ கேள்வி-பதில்

நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பாட்டு, கிடார் இரண்டையும் வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. எல்லா யூடியூபர்களும் வைத்திருக்கும் ஷூர் எஸ்எம்7பி வாங்கிவிடலாமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். மைக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைக்காசில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். அதோடு, அதன் சிக்னல் ரொம்பவே சன்னமானது. சாதாரணப் பேச்சுக்கே 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, கேட்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸை (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) அந்த அளவுக்குத் திருகினால் பின்னணியில் 'உஸ்' என்று இரைச்சல் எழும். அடுத்து, அதைச் சரிசெய்ய ஒரு பூஸ்டர் வாங்கு என்பார்கள். செலவு அப்படித்தான் வளரும்.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். இரண்டு இன்புட், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று. ஃபோகஸ்ரைட், ஆடியன்ட் எதுவானாலும் சரி, மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டக் கூடாது. குரலுக்கு ஷூரின் எஸ்எம்58 மைக். 1966இல் வந்த மாடல், இன்றும் மேடைக்கு மேடை அதுதான் நிற்கிறது. அதையே கிடாரின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே, ஒரு சாண் தள்ளி வைத்தால் கிடாருக்கும் ஆயிற்று. ஒலி ஓட்டைக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள், 'பொம் பொம்' என்று அடைக்கும். பிறகு காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று. மிச்சத்தில் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக் கேபிள்), பாப் ஃபில்டர் ('ப' சத்தத்தின் காற்றடியைத் தடுக்கும் வலை), ஸ்டாண்டு.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். லேசான ஸ்டாண்டின் கை, பாட்டு நடக்கும்போதே மெல்லத் தலை குனியும். பல்லவியில் கேட்ட குரல் சரணத்தில் இருக்காது. ஏன் என்று தெரியாமல் மிக்ஸிங்கில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

சாஃப்ட்வேருக்கு இப்போது காசு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். மிக்ஸிங்கில் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றேதான் விட்டேன். காரணம் அடுத்த பதிலில்.

அறைச் சுவர் முழுக்க ஒரு இன்ச் ஃபோம் ஒட்டினேன், கதவுக்கு முட்டை அட்டைகூட அடித்தேன். ஆட்டோ ஹாரன் சத்தம் அப்படியே கேட்கிறது. குரலும் ஏதோ பானைக்குள் பாடுவது போல இருக்கிறது. (வாசகர், வடபழனி)

இவை இரண்டும் வேறு வேறு வியாதிகள். நீங்கள் கொடுத்த மருந்து இரண்டுக்குமே சேராது.

வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், இடுக்கு இருக்கக் கூடாது. ஃபோமில் கனமே இல்லை. கதவின் கீழே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், சுவரில் எதை ஒட்டியும் பயனில்லை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். அதற்கு மேல் தடுக்க வேண்டுமென்றால் கொத்தனார் வேலைதான். வாடகை வீட்டில் அது ஆகிற காரியமில்லை. தெரு அடங்கிய பிறகு பாடுங்கள், காசு மிச்சம்.

அறைக்குள் எழும் எதிரொலியின் கதை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு இன்ச் ஃபோம் அதை என்ன செய்யும்? உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அடி ஒலிகளை அப்படியே விட்டுவிடும். உங்கள் 'பானை'க்குக் காரணம் அதுதான். இப்படிப்பட்ட அறையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் காதில் விழுவது பாதி அறையின் ஒலி. அதைக் கேட்டுச் செய்த மிக்ஸ் காரில் போட்டால் வேறு மாதிரி இருக்கும்.

ஃபோமைப் பிய்த்துவிட்டு, நான்கு இன்ச் ராக்வூல் (கல்நார் போன்ற கனிம இழை அல்ல, கல் உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகளை மரச் சட்டத்தில் வைத்து, மூச்சு விடும் பருத்தித் துணியால் மூடுங்கள். நார் கையை அரிக்கும், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டை அறை மூலைகளில் நிறுத்துங்கள், இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் வையுங்கள். எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம், முன்பக்கம் கூர்மை. அந்த முன்பக்கம் பார்ப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான். அதுவரை ஒரு இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் சாய்த்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மைக் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறையின் ஒலி கூடாது. இதற்குப் பைசா செலவில்லை.

முட்டை அட்டையைக் கழற்றிவிடுங்கள். சத்தத்துக்கு உதவாது, தீப்பிடித்தால் ஆபத்து.

மகள் கர்நாடக சங்கீதம் பாடுகிறாள், தம்பி மிருதங்கம் வாசிப்பான். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துத்தான் பதிவு செய்கிறோம். தெளிவு வரவில்லை. (வாசகி, கும்பகோணம்)

சுருதியை அறையில் ஒலிக்க விடாதீர்கள். குரலுக்கான மைக்கில் அதுவும் ஏறிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு சங்கதியை வெட்டி ஒட்டினால்கூடத் தம்புரா மீட்டு அந்த இடத்தில் தடுக்கும். பெட்டியின் லைன் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகித் தனி ட்ராக்கில் எடுங்கள், இருவரும் ஹெட்போனில் கேட்கட்டும். தொடங்கும் முன் ட்யூனரில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி. காதால் வைத்தது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தால், நாளைக்குக் கீபோர்டு சேர்க்கும்போதுதான் தெரியும்.

மிருதங்கத்துக்கு ஒரே மைக்தான் என்றால், ஒரு மீட்டர் முன்னால் வைத்து, வலந்தலையும் தொப்பியும் சமமாகக் கேட்கும் வரை இடம் மாற்றுங்கள். போன் ஸ்பீக்கரில் தொப்பி கேட்காது. அதை நம்பித் தொப்பிப் பக்கம் மைக்கைச் சாய்த்தால் நல்ல ஸ்பீக்கரில் அது குமுறும். இரண்டு மைக் வைத்தால், இரண்டையும் மோனோவில், அதாவது ஒரே ஒலியாக, சேர்த்துக் கேளுங்கள். நாதம் மெலிந்தால் ஒரு மைக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். சேர்ந்து வாசிக்கும்போது பாடகியின் மைக் முதுகைக் காட்ட வேண்டியது மிருதங்கத்துக்கு, ஆகவே எதிரெதிரே உட்கார வையுங்கள்.

இன்னொன்று, இது எந்த கையேட்டிலும் இருக்காது. தொப்பியில் அப்பிய ரவை ஃபேன் காற்றில் காய்ந்துகொண்டே போகும், நாதமும் மாறிக்கொண்டே போகும். ஒரு டேக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேப்டாப் சார்ஜர் போட்டால் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். (வாசகர், ஓசூர்)

சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறதா? அப்படியானால் மைக்கும் இன்டர்ஃபேஸும் குற்றவாளிகள் இல்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், எர்த்திங் சரியாக உள்ள மூன்று துளை பிளக்கில் போடுங்கள். பழைய வீடானால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரீங்காரத்தை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை வெட்டாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. அவசரத்துக்கு பேட்டரியில் ஓட்டுங்கள்.

பாடும்போது என் குரலே ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது. வேகமான கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பஃபர் அளவைப் பாருங்கள், கம்ப்யூட்டர் ஒலியைச் சிறிது சேர்த்து வைத்து அனுப்பும் அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 512 சாம்பிள் என்றால் போகும்போது ஒரு 10.7 மில்லிசெகண்ட், வரும்போது இன்னொன்று. 128க்கு இறக்கினால் ஒவ்வொன்றும் 2.7 ஆகிவிடும். பதிவு முடிந்து மிக்ஸிங் போகும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) போட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். குரலைக் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் தரம் கூடுமா?

உங்கள் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்தான் வரும். உச்சம் மைனஸ் 10 டெசிபல் சுற்றி நிற்கட்டும். அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிந்த டேக்கை எந்த பிளக்இன்னும் (கூடுதல் மென்பொருள்) முழுதாக மீட்டுத் தராது.

மகனுக்கு சவுண்ட் இன்ஜினீயரிங் ஆசை. தனியார் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? (வாசகர், மதுரை)

சினிமா ஒலிப்பதிவுதான் குறி என்றால் முதலில் தரமணி எம்ஜிஆர் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் படிப்புக்கு முயலட்டும். பட்டம் முடித்த பிறகானால் புனே திரைப்படக் கல்லூரியிலும் ஒலிப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கன்சோல் மாணவன் கையில் இருக்கும் என்று கேளுங்கள், போன வருஷம் முடித்த இரண்டு பையன்களிடமும் பேசுங்கள்.

வீட்டில் பாட்டுப் பதிவு செய்து பழகத்தான் என்றால் எந்தப் படிப்பும் வேண்டாம். ஒரே வரியை 10 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் தூரத்தில் பாடிப் பதிவு செய்யட்டும். ஒலி அளவைச் சமமாக்கி, வரிசையைக் கலைத்து, கண்ணை மூடிக் கேட்டு எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வந்துவிட்டால், மைக்கைத் திருப்பி, மூக்குக்கு மேலே தூக்கி, இதையே மறுபடி செய்யட்டும். அந்த லட்சத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, நல்ல ஸ்டுடியோ ஒன்றில் ஒரு செஷன் வாடகைக்குப் பிடித்து, அங்குள்ள இன்ஜினீயர் மைக்கை எங்கே வைக்கிறார், எதற்கு நகர்த்துகிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்க விடுங்கள்.

ஆன்லைனில் எஸ்எம்58 பாதி விலைக்குக் கிடைக்கிறது. செகண்ட் ஹேண்டில் கண்டென்சர் மைக்கும் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். (வாசகர், புதுச்சேரி)

பாதி விலையில் புதுசு என்றால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்58 போலிகள் சந்தையில் ஏராளம். அசலின் எடை 298 கிராம், சமையலறைத் தராசே காட்டிக் கொடுக்கும். எடை சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் பில்லும் வாரண்டியும் கேளுங்கள்.

எஸ்எம்58 போன்ற பழைய டைனமிக் மைக்கை, அதாவது ஃபேன்டம் பவர் வேண்டாத வகையை, தைரியமாக வாங்கலாம். கண்டென்சரை, அதுவும் கடற்கரை ஊரில், நேரில் போய்ச் சோதிக்காமல் வாங்காதீர்கள். ஃபேன்டம் பவர் கொடுத்து, யாரும் பேசாமல், கெயினை ஏற்றி ஐந்து நிமிடம் ஹெட்போனில் கேளுங்கள். பட் பட் என்று வெடித்தால் கேப்ஸ்யூலில் (மைக்குக்குள் ஒலியை வாங்கும் பகுதி) ஈரம் ஏறியிருக்கலாம், விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கினால், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லானால், நிறம் மாறியதும் பையை மாற்றிவிடுங்கள்.