கோவைக்கு மெட்ரோ வேண்டுமா, புறநகர் ரயில் போதுமா?

கேள்வி: கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. கோவைக்கு உண்மையிலேயே மெட்ரோ தேவையா? இருக்கிற ரயில் பாதைகளில் புறநகர் ரயில் விட்டால் போதாதா?

சோமனூரிலிருந்து கோவைக்குப் பதினாறு வருடமாக சீசன் டிக்கெட்டில் போய்வருகிறேன். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. அதனால் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்தவனின் பதில்.

எனக்குத் தெரிந்தவரை மெட்ரோவும் வேண்டும், புறநகர் ரயிலும் வேண்டும். ஆனால் முதலில் வரவேண்டியது, ஏற்கெனவே கிடக்கிற தண்டவாளத்தில் அரை மணிக்கு ஒரு மெமு வண்டி, அதாவது தனி இன்ஜின் இல்லாமல் ஊருக்கு ஊர் நின்று போகிற மின்சார ரயில். அது வந்தபிறகு மெட்ரோவுக்குக் கூட்டம் தானாகச் சேரும்.

2025 நவம்பரில் திரும்பி வந்த திட்டம் இதுதான்: உக்கடத்திலிருந்து அவினாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை ஒரு பாதை, கோவை ஜங்ஷனிலிருந்து சத்தி ரோடு வழியாக வலியாம்பாளையம் பிரிவு வரை இன்னொரு பாதை. இரண்டும் சேர்ந்து 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மதிப்பீடு 10,740 கோடி ரூபாய். சொல்லப்பட்ட காரணங்களில் அதிகம் பேசப்பட்டது மக்கள்தொகை. 2017 மெட்ரோ கொள்கைப்படி ஊரில் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தது 15.84 லட்சம். அதே கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுப்பு, அதாவது மாநகராட்சியோடு ஒட்டிக் கிடக்கிற ஊர்களையும் சேர்த்த எண்ணிக்கை, 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எந்தக் கோட்டை எல்லை என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து ஊர் பெரிதாகவும் சிறிதாகவும் மாறிவிடுகிறது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய எண்ணை வைத்து இன்றைய ஊரை அளப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். இங்கே வந்து ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு ஹோப் காலேஜ் பக்கம் நின்று பார்த்தால் போதும்.

ஆனாலும் அந்தக் கோபத்தோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அதே 2017 கொள்கை, மெட்ரோ கேட்பதற்கு முன்னால் மாற்று வழிகளையும் ஆராய்ந்து காட்டச் சொல்கிறது. நம் ஊரில் மாற்று வழி வேறெங்கும் தேட வேண்டியதில்லை, காலுக்கடியில் கிடக்கிறது.

கோவையை ஒரே நகரமாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. திருப்பூர், அவினாசி, பல்லடம், சோமனூர், சூலூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் எல்லாம் ஒரே பின்னலில் இருக்கிற ஊர்கள். எங்கள் ஊரில் விசைத்தறியில் ஓடுகிற துணி வேறு ஊரில் சாயமேறி, இன்னோர் ஊரில் தைக்கப்பட்டு, மறுபடி லாரி ஏறும். ஆட்களும் அப்படித்தான். சோமனூர்க்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவார், அவர் வீட்டம்மா கோவை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார். இந்தப் போக்குவரத்து 35 கிலோமீட்டர் மெட்ரோவுக்குள் அடங்காது. நீலாம்பூரில் மெட்ரோ முடிகிற இடத்தில்தான் எங்கள் பயணம் தொடங்குகிறது.

இப்போது ரயில் பாதையைப் பாருங்கள். 1862-ல் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த பெரிய பாதை, போத்தனூர் வழியாக இருகூருக்குப் போய்விட்டது. கோவை நகரம் அதில் இல்லை. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட கிளையில்தான் கோவை வந்தது. பிறகு இருகூரிலிருந்து சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை வழியாக ஜங்ஷனுக்கு ஒரு பாதை சேர்ந்தது. கேரளா போகிற சில வண்டிகள் இன்றும் நகரத்தைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் போவதற்கு அந்தப் பழைய வரைபடம்தான் காரணம். அந்தக் காலத்தில் அது ஊருக்கு நேர்ந்த குறை. இன்றைக்கு அதுவே வரம். ஒரு நகரத்தைச் சுற்றி வளைக்கிற பாதையும், நாலு திசைக்குப் போகிற கைகளும் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன: திருப்பூர், ஈரோடு பக்கம் ஒன்று, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம், கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி, எட்டிமடை, வாளையார் வழியாகப் பாலக்காடு. பீளமேடு நிலையம் அவினாசி ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எவ்வளவு பேருக்கு அங்கே ஒரு ரயில் நிலையம் இருப்பது தெரியும்? அதே ரோட்டில் தினமும் போகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன், பாதிப்பேர் கையை விரிக்கிறார்கள்.

இதில் எனக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கு மூன்று வருடம் முன்பு கோவையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா தறி ஓட்டுகிறவர். கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ரயில் நிலையம். சீசன் டிக்கெட் எடுத்தால் மாதத்துக்கு ஆகிற செலவு, ஹாஸ்டல் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முதல் மூன்று மாதம் ரயிலில்தான் போனாள். லேப் முடிந்து ஓடிவந்தால் சாயங்கால வண்டி சில நாள் கிடைக்கும், சில நாள் கண்ணெதிரே போய்விடும். விட்டால், அந்த நிலையத்தில் நிற்கிற அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். விளக்கு சரியாக இல்லாத நடைமேடை. பஸ் பிடித்துக் கருமத்தம்பட்டி வந்து இறங்கினால் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஒருநாள் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதே முக்கால். அடுத்த வாரம் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம், “மாமா, ஏழு மணிக்கு ஒண்ணு, ஏழரைக்கு ஒண்ணுன்னு வண்டி இருந்திருந்தா நான் வீட்லயே இருந்துருப்பனுங்க” என்றாள். ஹாஸ்டல் பணத்துக்காக அவள் அப்பா ராத்திரி ஷிப்டும் ஓட்டினார்.

வண்டி ஏன் அதிகம் விடுவதில்லை என்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஈரோடு–கோவை பாதை இரட்டைப் பாதைதான். அதில் எக்ஸ்பிரஸ், சரக்கு, வந்தே பாரத், பாசஞ்சர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் நெருக்கமாக விடலாம். ஒன்று வேகமாகவும் ஒன்று ஊருக்கு ஊர் நின்றும் போனால், மெதுவாகப் போகிற வண்டி தனக்குப் பின்னால் வருகிறவற்றின் நேரத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பாசஞ்சரை ஓரத்துப் பாதையில் ஒதுக்கிவைத்து எக்ஸ்பிரஸை முன்னே விடுகிறார்கள். இருகூரில் அப்படி நிற்கும்போது பெட்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இன்ஜின் இழுக்கிற வண்டியைவிட மெமு நல்லது. அதன் மோட்டார்கள் வண்டியின் நீளத்துக்கு ஆங்காங்கே பரவி இருப்பதால் நின்று கிளம்பினதும் சட்டென்று வேகம் பிடிக்கும், பின்னால் வருகிறதைக் குறைவாகவே தடுக்கும். ஆனால் அரை மணிக்கு ஒன்று வேண்டுமென்றால் மூன்றாவது, நான்காவது பாதையும், வண்டிகளை நெருக்கி விடுகிற தானியங்கி சிக்னலும் வேண்டும். 10,740 கோடியில் ஒரு பங்கை இதற்குக் கேட்டிருக்கலாம் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜங்ஷனில் ஆறு நடைமேடைதான். மேட்டுப்பாளையம் வண்டி அங்கே வந்து முடியும்போது, திரும்பக் கிளம்பும்வரை ஒரு நடைமேடையை அடைத்துக்கொள்கிறது. அதை அங்கே முடிக்காமல் அப்படியே போத்தனூர், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி என்று ஓட்டலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மேட்டுப்பாளையம், வடகோவை, ஜங்ஷன், போத்தனூர், பொள்ளாச்சி எல்லாம் வடக்கிலிருந்து தெற்காக ஒரே ஓட்டம், இன்ஜினைத் திருப்புகிற வேலைகூட இல்லை. அதேபோல் திருப்பூர் வண்டியை ஜங்ஷனோடு நிறுத்தாமல் போத்தனூர் வரைக்கும் கொண்டுபோகலாம். ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிற வட்டப் பாதையும் முடியாததல்ல. போத்தனூரிலும் இருகூரிலும் திசை மாற்ற வேண்டியிருக்கும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மெமுவுக்கு அது சில நிமிட வேலை. வெள்ளலூரில் 2020-ல் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பஸ் நிலையத்தின் பக்கமாகத்தான் போத்தனூர்–இருகூர் பாதை போகிறது. பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒரே கூரையில் யோசித்திருந்தால் அந்தக் கட்டடம் இன்று புதர் மண்டி நிற்காது.

பாலக்காடு பக்கம் மட்டும் எனக்குத் தயக்கம். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவில் யானை கடக்கிற காடு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. வனத்துறை 2024-ல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் வைத்து, யானை நெருங்கினால் ரயில்வேக்கு எச்சரிக்கை போகிற ஏற்பாடு செய்தது. நல்ல வேலை. இருந்தாலும் அந்தத் துண்டில் ராத்திரி வண்டிகளைக் கூட்டுவதற்கு முன்னால் பத்து முறை யோசிக்க வேண்டும். எட்டிமடையோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

கட்டணத்தையும் மறக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுக்கப் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி ஓட்டியபோது பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி பத்துக்கு வந்தது. சீசன் டிக்கெட் எடுக்க மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத, அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற எத்தனையோ பேர் அந்த இடைப்பட்ட காலத்தில் ரயிலை விட்டுப் போனார்கள். வஞ்சிபாளையத்தில் ஏறுகிற நாலைந்து பெண்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

பெரிய திட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டருக்கு மித அதிவேக ரயில் பற்றி ஆராயப்போவதாகச் சொன்னார்கள். டெல்லி–மீரட் பாதையில் ஓடுகிற மாதிரி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்று இங்கே ஓடினால் முதல் நாள் நானும் ஏறுவேன். ஆனால் அத்தகைய வண்டி சோமனூரில் நிற்குமா, சூலூர் ரோட்டில் நிற்குமா? வேகமாகப் போகிற வண்டிக்கு நிறுத்தம் குறைவாகத்தான் இருக்கும். நிறுத்தத்தில் காத்திருக்கிறவருக்கு வேறொரு வண்டி வேண்டும்.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியது. தாம்பரமும் குரோம்பேட்டையும் அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள். பிறகு அதே சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையை 2008-ல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நில வழக்கில் வருடக்கணக்காக நிறுத்திவைத்ததையும் பார்த்தோம். ஊர் நெருக்கமாக வளர்ந்துவிட்ட பிறகு நிலம் கேட்டால் அப்படித்தான் ஆகும். கோவையில் இப்போது அவினாசி ரோட்டின் நடுவில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலத் தூண்கள் நிற்கின்றன. 2025 அக்டோபரில் 1,791 கோடி செலவில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். கார்களுக்கு நல்ல வசதி, மறுக்கவில்லை. இனி அந்த ரோட்டில் மெட்ரோ வந்தால் ஓரமாக ஒதுங்கித்தான் போயாக வேண்டும். தண்டவாளத்தின் இரு பக்கமும் ரயில்வே நிலம் இன்றும் காலியாகக் கிடக்கிற இடங்களில், இப்போதே மூன்றாவது பாதைக்கு அளந்து கல் நட வேண்டும் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

அக்கா மகள் இப்போது கடைசி வருடம். சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வருகிறாள், பல நாள் என்னோடு ஒரே பெட்டியில். அவள் தம்பி பிளஸ் டூ படிக்கிறான், அவனுக்கும் கோவையில்தான் சேர ஆசை. போன வாரம் அவள் அப்பா ஸ்டேஷனில் என்னிடம், “ஏனுங்க, அதுக்குள்ள சாயங்காலம் இன்னொரு வண்டி விட்ருவாங்களா?” என்று கேட்டார். ஹாஸ்டல் இடத்துக்கு ஜூனுக்கு முன்னால் பணம் கட்ட வேண்டுமாம்.