வெளிநாடுகளில் இந்தியத் தூதராக இருந்து வெளியுறவு அமைச்சர் ஆனவர் ஜெய்சங்கர் மட்டும்தானா?

இல்லை. அவருக்கு முன்பே நட்வர் சிங் இருந்தார். 2004 மே மாதம் மன்மோகன் சிங் அமைச்சரவையில் வெளியுறவுத் துறைக்கு வந்தவர், அதற்கு முன் 31 ஆண்டுகள் ஐஎஃப்எஸ் எனும் இந்திய வெளியுறவுப் பணியில் அதிகாரி. (கே.ஆர்.நாராயணனும் ஐஎஃப்எஸ்தான். ஆனால் அந்தத் துறையில் இணையமைச்சராக மட்டும் இருந்தார், பிறகு குடியரசுத் தலைவராகவே ஆகிவிட்டார்.)

நான் அரசியல் விமர்சகன் கிடையாது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கப்பல் ஆவணம் பார்க்கிறவன். ஆனாலும் நட்வர் சிங் பெயரைக் கேட்டால் காது நீளும். அதற்குக் காரணம் என் அப்பா. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நட்வர் ராஜஸ்தானின் பரத்பூர்காரர். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி, கேம்பிரிட்ஜ் என்று படித்துவிட்டு 1953-ல் பணியில் சேர்ந்தார். 1956 முதல் இரண்டு ஆண்டுகள் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்தார். இந்தியாவும் சீனாவும் அண்ணன் தம்பி என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு சண்டை வந்து, பேச்சு நின்று, 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி சீனா போனார். உடன் போன குழுவில் அமைச்சராக நட்வரும் இருந்தார்.

1961 முதல் 66 வரை நியூயார்க்கில் நம் ஐநா தூதுக்குழுவில் வேலை. நம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி கென்னடியைப் பார்க்க 83 வயதில் அமெரிக்கா போனாரே, அந்த 1962-லும் நட்வர் அங்கேதான் இருந்தார். அடுத்த ஐந்து ஆண்டுகள் பிரதமர் இந்திராவின் செயலகம். பிறகு போலந்து, லண்டன், ஜாம்பியா. 1980-லிருந்து 82 வரை ஜியா உல் ஹக் ஆண்ட பாகிஸ்தானில் தூதர்.

அவர் பெயர் வெளியில் தெரிந்தது 1983 மார்ச்சில். டெல்லியில் அணிசேரா நாடுகளின் ஏழாவது மாநாடு. சுமார் நூறு நாடுகள் கலந்துகொண்டன. ஃபிடல் காஸ்ட்ரோ மேடையில் இந்திராவை எல்லோர் முன்னாலும் கட்டியணைத்த படம் இன்றும் சுற்றுகிறது, அந்த மாநாடுதான். அதன் பொதுச் செயலாளர் நட்வர் சிங். யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் முதலில் பேசினால் யார் கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் அவர் தலையில். நம் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு பங்காளிகளைச் சமாளிக்கவே நமக்கு நாக்கு தள்ளுகிறது.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த மாநாடு முதலில் பாக்தாத்தில் நடப்பதாக இருந்தது. ஈரான்–ஈராக் போரால்தான் டெல்லிக்கு வந்தது. பாக்தாத் கைவிட்ட மாநாடு அவரைத் தூக்கிவிட்டது. 22 ஆண்டுகள் கழித்து அதே பாக்தாத்தின் காகிதம் அவரைக் கீழே இறக்கியது.

1984-ல் பத்ம பூஷண் வந்தது. அதே ஆண்டு வேலையை விட்டுவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார். கோட்டு சூட்டை விட்டுக் கதர் தைக்க வேண்டும் என்று இந்திராவிடம் சொன்னாராம். அரசியலுக்கு வந்தால் தோலும் கொஞ்சம் தடிக்க வேண்டும் என்றாராம் அவர். பரத்பூரில் ஜெயித்து, 1986-ல் வெளியுறவு இணையமைச்சர் ஆனார். அந்த டிசம்பரில் இவரும் ப.சிதம்பரமும் கொழும்பு போய் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயிடம் பேசித்தான், இனப் பிரச்சினைக்குத் தீர்வாக 'டிசம்பர் 19 யோசனைகள்' வந்தன. ஈழப் பிரச்சினையைப் படிக்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த யோசனைகள் நிலைக்கவில்லை, அடுத்த ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தமே வேறு வடிவில் வந்தது.

1989 தேர்தலில் தோற்றார், நரசிம்ம ராவ் காலத்தில் கட்சியை விட்டு விலகினார், பிறகு திரும்பினார். இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

முழு அமைச்சராக இருந்தது ஒன்றரை ஆண்டுதான். ஆனால் அது நெருக்கமான ஒன்றரை ஆண்டு. 2005 பிப்ரவரியில் இஸ்லாமாபாத் போய், ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்துக்கு உடன்பாடு செய்தார். ஏப்ரலில் பேருந்து ஓடியது. ஒரு காலத்தில் தூதராக இருந்த ஊருக்கு அமைச்சராகத் திரும்பியவருக்கு யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்காது. அந்த ஜூலை 18-ல் வாஷிங்டனில் அணுசக்தி உடன்பாட்டின் முதல் அறிக்கை வந்தபோதும் துறை அவர் கையில்தான்.

அக்டோபர் 27-ல் ஐநா அமைத்த விசாரணைக் குழுவின் வோல்கர் அறிக்கை வந்தது. சதாம் உசேனின் ஈராக்குக்கு ஐநா தடை இருந்தபோது, எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்கிக்கொள்ள ஒரு திட்டம் இருந்தது. யாருக்கு எண்ணெய் ஒதுக்குவது என்பதை பாக்தாத் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் நட்வர் பெயரும் காங்கிரஸ் பெயரும் இருந்தன. ஒரு கண்டெய்னர் மாங்கூழை வெளியே அனுப்பவே நான் எத்தனை காகிதத்தில் கையெழுத்து பார்க்கிறேன். எண்ணெய்க் கப்பல் என்றால் கேட்கவே வேண்டாம். நவம்பரில் துறை போனது, டிசம்பரில் பதவியே போனது. நீதிபதி பதக் விசாரணை 2006-ல் சொன்னது இதுதான்: நட்வரும் மகனும் தங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தி, மகனுக்கு வேண்டியவர் எண்ணெய் ஒப்பந்தம் பெற உதவினார்கள், நட்வர் பணம் பெற்றதற்கு ஆதாரம் இல்லை. அவர் ஈராக் அதிகாரிகளுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்கள்தான் விஷயமே. தான் தப்பு செய்யவில்லை என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார்.

இப்போது அப்பா. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஊராட்சியில் அவர் தலைவராக இருந்தார். என் அண்ணனின் சிநேகிதன் ஒருவன், வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், "பெரியப்பா, லெட்டர் பேடில் ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றான். எனக்குத் தெரிந்த பையன், நல்லவன், உதவி செய்யவும் என்று எழுதிக் கொடுத்தார். அவன் அதை வைத்து ஓரிடத்தில் கடன் வாங்கிக்கொண்டு காணாமல் போனான். விசாரணைக்கு மூன்று தடவை நடந்தார் அப்பா. ஒரு காசு வாங்கவில்லை என்று எழுத்திலேயே வந்தது. ஆனால் டீக்கடையில் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

அதனால் 2005-ல் பேப்பரைப் படித்துவிட்டு அப்பா கேட்டார்: "முப்பது வருஷம் தூதரா இருந்தவருக்குக்கூடவா ஒரு லெட்டரோட கனம் தெரியாது?" பரிதாபமா, கோபமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னைக் கேட்டால், பணம் வாங்காதது ஒரு பாதி பதில்தான். அப்பாவைப் பற்றியும் எனக்கு அதே எண்ணம்தான், அவரிடம் சொன்னதில்லை.

நட்வர் 2008-ல் காங்கிரஸை விட்டு, பகுஜன் சமாஜில் சில மாதங்கள் இருந்துவிட்டு வெளியே வந்தார். அப்புறம் புத்தகங்கள் எழுதினார். 2024 ஆகஸ்ட் 10-ல் காலமானார். செய்தி வந்தபோது அப்பா இல்லை. மீதி இருந்த அவருடைய லெட்டர் பேடு மட்டும் பீரோவின் மேல் தட்டில் கிடக்கிறது.