மீன் தொட்டி அலங்காரங்களை எந்தப் பசையால் ஒட்டலாம்?

கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, மேலே கூழாங்கற்களை ஒட்டி ஒரு குகை செய்யப் போகிறீர்கள். அதற்கு ஃபெவிக்விக் போதுமா, ஹார்ட்வேர் கடை சிலிக்கான் மீனுக்கு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலிக்கான்தான் சரி. ஆனால் டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடையில் வெறுமனே சிலிக்கான் என்று கேட்டால் பாத்ரூம், சிங்க் ஓரங்களுக்கானதை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அந்த ரகங்களில் கறுப்புப் பூஞ்சை படியாமலிருக்க மருந்து கலப்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியக்கூடியது. சின்னத் தொட்டியில் அது மீனையும் விட்டுவைக்காது. ஆன்டி ஃபங்கல், சானிட்டரி, மோல்டு ரெசிஸ்டன்ட் என்று எது எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். '100% சிலிக்கான்' என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம், மருந்து கலந்த டியூபிலும் அது இருக்கும். அக்வேரியத்துக்கு என்று அச்சிட்டதே நல்லது. சென்னையில் இருந்தால் கொளத்தூர் மீன் கடைகளில் தொட்டி ஒட்டுகிறவர்களிடமே கேளுங்கள். அவர்கள் கண்ணாடி ஒட்டும் டியூப்தான் உங்களுக்கும் வேண்டியது.

பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், காயக் காயப் போய்விடும். காயாமல் தண்ணீரில் போட்டால்தான் தொந்தரவு. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வெளியிலிருந்து உள்ளே இறுகும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில். மேலே தொட்டால் ஒட்டாது, ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும் உருண்டை இன்னும் பச்சையாகவே இருக்கும். அதனால் மெல்லிசாகத் தடவி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மூக்கருகே வைத்தால் வாடையே வரக் கூடாது. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியில் வையுங்கள்.

ஒட்டும் இடம் உலர்ந்து, தூசி இல்லாமல் இருக்க வேண்டும். கொட்டாங்குச்சியில் நாரைச் சுரண்டிவிட்டுக் கொதிக்க வைத்து, நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் பிடிக்காது. சிமென்ட், சுண்ணாம்புக்கல், பளிங்கு மூன்றிலும் அந்த வினிகர் அமிலமே கல்லை அரித்துப் பிடிப்பைக் கெடுத்துவிடும். சுட்ட மண்தொட்டித் துண்டு, கருங்கல், கண்ணாடி ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும்.

ஃபெவிக்விக்கும் விஷமில்லை. அது சயனோஅக்ரிலேட், இறுகிவிட்டால் தண்ணீரில் கரைந்து மீனைக் கெடுக்காது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளைக் கட்டையில் ஒட்ட இதே வகைப் பசையின் ஜெல்லைத்தான் மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். வெள்ளைத் தழும்பு தெரியும், அவ்வளவுதான். ஆனால் அது முறுகலாக இறுகுகிற பசை. கனமான கல்லை அதை நம்பி மீன்கள் நுழைகிற குகைக்கு மேலே வைக்க மாட்டேன். கற்களுக்கு நடுவே பஞ்சைத் திணித்து அதன்மேல் ஊற்றும் வழியும் ஒன்று உண்டு. நல்ல பிடிப்பு கிடைக்கும், ஆனால் பஞ்சில் பட்டதும் சட்டென்று சூடாகிப் புகை வரும், கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அரால்டைட் போல இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸியில் பிரச்சினை அளவுதான். ஹார்டனர் கொஞ்சம் கூடிப் போனாலும் வினைபுரியாத மிச்சம் தண்ணீருக்குள் இறங்கும். சரியாகக் கலந்து முழுக்க இறுகினால் பரவாயில்லை, ஆனால் சிலிக்கான் கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு?

மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறிக் கொழகொழத்துவிடும். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையில் கரைப்பான் வாடை இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். குளூ கன் பசை மீனுக்குத் தொந்தரவில்லை, கல்லிலிருந்து நாளடைவில் உரிந்து வந்துவிடும். சிலிக்கான் காயும்வரை கல் நகராமல் பிடிக்க அதில் ஒரு சொட்டு வைக்கலாம், அதற்கு அருமையான சாமான்.

உங்கள் குகைக்கு இன்னொன்று: மேலே ஒட்டும் கற்கள் சுண்டுவிரல் நக அளவுக்குள் இருக்கட்டும். பெரிய கல் வேண்டுமென்றால் ஒட்டவே வேண்டாம். மணல் போடுவதற்கு முன்பே அதை அடிக்கண்ணாடியில் ஆடாமல் உட்கார வைத்து, கொட்டாங்குச்சியை அதன் மேல் சாய்த்துவிடுங்கள்.